பழைய வெர்ஷனை நான் ஏன் அழிக்கவில்லை

எங்கள் ரெக்கார்டிங் அறைக்கு வருகிறவர்களில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் யாராவது இருந்தால், அவர் மைக்கைப் பார்க்கமாட்டார், திரையைத்தான் பார்ப்பார். "இன்னும் இந்த வெர்ஷன்லயா வேல செய்றீங்க?" என்று கேட்பார். கேட்கும்போதே முகத்தில் ஒரு பரிதாபம் வந்துவிடும், ஏதோ நான் விறகு அடுப்பில் ஊதிக்கொண்டிருக்கிற மாதிரி. 2004-லிருந்து 2006 வரைக்கும் இந்தக் கேள்வி காதில் விழாத மாதம் எனக்குக் கிடையாது. ஆமாம், இதில்தான் செய்கிறேன், நீங்கள் பாட வந்தீர்களா பரீட்சை வைக்க வந்தீர்களா என்று திருப்பிக் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மரக்காணத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் எங்களிடம் பாட வராதவர்கள்.

அறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி என் மாமனார் உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. சுவரெல்லாம் முட்டை அட்டையும் கோணிச் சாக்கும் அடித்து வைத்திருந்தோம். உப்பு லாரி போகும்போது பாட்டை நிறுத்துவோம், லாரி தாண்டியதும் மறுபடி பாடுவோம். என் வீட்டுக்காரர் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். நான் கல்யாணத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். கீபோர்டு அவருக்கு, கம்ப்யூட்டர் எனக்கு என்று ஆரம்பத்திலேயே பாகம் பிரித்துக்கொண்டோம். அம்மன் கோயில் கூழ் வார்த்தலுக்குப் பாட்டு, கூனிமேட்டிலிருந்து வருகிற பாய்மார்களின் இஸ்லாமியப் பாட்டு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு ஓட்டுகிற ஜவுளிக்கடை விளம்பரம், எல்லாமே அந்த ஒற்றை மைக்கில்தான்.

பாட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற சவுண்டு கார்டு துபாயிலிருந்து வந்தது. கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் லீவில் வரும்போது வாங்கிவந்து கொடுத்தார். அந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே ஒரு சிடியும் ஒரு தடிப் புத்தகமும் இருந்தன. அந்த சிடியில் இருந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்தான் என் வெர்ஷன். புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குக் கைக்கு வந்துவிட்டது. அதற்குக் கோணல் புத்தியும் உண்டு. பாட்டு ஓடும்போதே எதிரொலியை மாற்றினால் அப்படியே உறைந்து நின்றுவிடும். அது தெரிந்தபின் ஓடும்போது மாற்றமாட்டேன், அவ்வளவுதான். வீட்டு ஸ்டவ்வை எத்தனை முறை பம்ப் அடித்தால் பிடிக்கும் என்று நமக்குத் தெரியாதா, அது மாதிரி.

இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் பாட்டை முடித்துக் கொடுத்தால் முடிந்தது என்று விடுகிறவர்கள் இல்லை. ஒரு வருஷம் கழித்து வந்து, மூன்றாவது சரணத்தில் ஊர்ப்பெயர் தவறாகப் போய்விட்டது, அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொடு என்பார்கள். அப்போது பாட்டு எந்த நிலையில் மூடினேனோ அதே நிலையில் திறக்க வேண்டும். புது வெர்ஷன் வந்தால் திறக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதிரொலி வேறு மாதிரி இருக்கும், தபேலா கொஞ்சம் முன்னால் வந்து உட்காரும். மாற்றிய வரிக்கும் மாற்றாத வரிக்கும் நடுவில் தையல் தெரியும். சென்னையில் பெரிய பெரிய படத்துக்கு வேலை செய்கிறவர்களும் இதனால்தான் பழையதைக் கட்டி அழுகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர்களைக் கேட்டா நான் ஆரம்பித்தேன்? என் காது சொன்னது, நான் கேட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. குழுவோடு சென்னைக்குப் போய், ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் புது வெர்ஷனைப் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து அவர் வாயில் வேறு பேச்சே இல்லை. அதில் ஸ்ருதி விலகினால் அதுவே சரிசெய்துவிடுமாம், திரை என்ன அழகாம், ஊரே மாறிவிட்டதாம், நாம் மட்டும் என்ன பாவம் பண்ணினோமாம். ஊரோடு ஒத்து வாழ் என்று பழமொழி வேறு. ஸ்ருதி விலகினால் பாடுகிறவர் மறுபடி பாடட்டும், அதற்குத்தானே வந்திருக்கிறார் என்றேன். கடைசியில் ஒரு புது வெர்ஷன் சிடியை எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்தே விட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வீட்டுக்குள் விடாதீர்கள் என்று சொல்லி, அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டினேனே தவிர, சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதுதான் டீச்சர் வந்தார். சுனாமிக்கு அடுத்த வருஷம், கோடை ஆரம்பிக்கிற நேரம். டீச்சர் என்றால் எங்கள் ஊர்ப் பக்கத்து மாதா கோயிலின் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஸ்கூலில் வேலை. ஐம்பது வயது இருக்கும். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது மேளம் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒரே ஒரு குரல் பாட்டை எடுக்கும். கொடி உச்சிக்குப் போனதும்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பல வருஷமாக அந்தக் குரல் டீச்சருடையது. நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான், ஆனாலும் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே கொடியேற்றத்துக்குப் போய் நிற்பேன்.

டீச்சருக்குக் கழுத்தில் கட்டி. பாண்டிச்சேரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. கட்டி, குரலுக்குப் போகிற நரம்பை ஒட்டிக்கொண்டு இருக்கிறது, ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். டீச்சர் அழுது புலம்பவில்லை. நேரே எங்களிடம் வந்து, திருவிழாப் பாட்டெல்லாவற்றையும் போவதற்குள் பாடி வைத்துவிட வேண்டும், கொடியேற்றப் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். "என் குரல் இல்லாம கொடி ஏறக் கூடாதும்மா" என்று சொன்னார். கர்வமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கர்வம் ரொம்பப் பிடித்தது.

ஸ்கூல் விட்டதும் வருவார், சில நாள் குழுவில் ஒன்றிரண்டு பேரையும் கூட்டிவருவார், இருட்டுவதற்குள் போய்விடுவார். ஒவ்வொரு பாட்டாக ஏறிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் அவர் போனதும் நான் இரண்டு வேலை செய்வேன். கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருக்கிற கார்டுகளின் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பேன். உப்புக் காற்று அதையெல்லாம் பச்சையாக அரித்துவிடும், தேய்க்காவிட்டால் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்காது. அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை இம்மி பிசகாமல் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, எவர்சில்வர் டப்பாவில் வறுத்த அரிசிக்கு நடுவில் ஒரு துணி சுற்றி வைத்து மூடிவிடுவேன். உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டால் உப்பு நசநசக்காது. உப்பளத்து வீட்டில் வாக்கப்பட்டவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பொங்கல் வைக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் குழுவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும்.

கொடியேற்றப் பாட்டு ஒன்றுதான் மிச்சம். மறுநாள் டீச்சர் பாண்டிச்சேரியில் அட்மிட் ஆக வேண்டும். அன்றைக்குப் பார்த்து கிளியனூரில் என் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. நான் காலையில் போய்விட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் பிடித்து ஓடிவந்தேன். கதவைத் திறந்தால் திரை வேறு நிறத்தில் மின்னுகிறது. என் வீட்டுக்காரர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

புது வெர்ஷனைப் போட்டுவிட்டார். பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் போட்டிருக்கிறார். டீச்சருக்குக் கடைசிப் பாட்டு, நல்லபடியாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் செய்தாராம். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டேன், ஜம்மென்று இருக்கிறது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆற்றின் நடுவில் நிற்கும்போது யாராவது தோணியை மாற்றுவார்களா? அதைக் கேட்க வாயெடுக்கும்போது டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் போகிற மனுஷி முன்னால் புருஷன் பெண்டாட்டி சண்டையை வைத்துக்கொள்ள முடியுமா? விழுங்கிக்கொண்டு ஹெட்போனை எடுத்துக் கொடுத்தேன்.

டீச்சர் பாட ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் பாட்டு இழுத்துக்கொண்டு போனது. நிறுத்தி மறுபடி எடுத்தார். மேலே போகிற இடத்தில் குரல் தயங்கித் தயங்கிப் போனது, தனக்குத்தானே காத்திருக்கிற மாதிரி. மூன்றாம் முறை அந்த இடத்துக்கே வரவில்லை. நான்காம் முறை பாதியில் நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"போயிடுச்சிம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடியே போயிடுச்சி" என்றார்.

தண்ணீர் குடியுங்கள் என்றார் என் வீட்டுக்காரர். டீச்சர் குடிக்கவில்லை. இரண்டு நாளாகவே தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரிதான் இருந்தது, இதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது, இருக்கிற பாட்டு போதும், கொடிக்கு வேறு யாரையாவது பாடச் சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே கைப்பையை எடுத்தார். அந்தக் கர்வம் பிடித்த மனுஷி அப்படிச் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆனால் என் காது ஒப்புக்கொள்ளவில்லை. முந்தின நாள் பாடின தொண்டை எனக்குத் தெரியும். டீச்சர், ஒரே ஒரு தடவை ஹெட்போன் இல்லாமல் சும்மா நின்றபடி பாடுங்கள், ரெக்கார்டிங் கூட வேண்டாம் என்றேன். எதற்கு என்றார். எனக்காக என்றேன். மனமில்லாமல் பாடினார். குரல் ஒரே ஏற்றமாக ஏறி, மேலே போய் நின்றது. கோணிச் சாக்குக்குள்ளேயும் அது கணகணவென்று கேட்டது.

உடனே நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் "ஹலோ" என்றேன். நான் சொல்லி முடித்து ஒரு கண்சிமிட்டும் நேரம் கழித்து என் ஹலோ என் காதுக்கு வந்தது. விஷயம் அவ்வளவுதான். பாடுகிறவர் குரல் மைக்கில் நுழைந்து, கம்ப்யூட்டருக்குள் போய், கொஞ்சம் எதிரொலி பூசிக்கொண்டு, ஹெட்போன் வழியாக அவர் காதுக்கே திரும்பும். பழைய வெர்ஷனும் துபாய் கார்டும் ஒரே பெட்டியில் பிறந்தவை, அந்தத் திரும்புதல் உடனுக்குடன் நடக்கும். புது வெர்ஷனுக்கு இந்தக் கார்டைத் தெரியாது, அதனால் குரலைக் கொஞ்சம் நிறுத்திவைத்துத்தான் அனுப்புகிறது. எதிரொலி மாதிரி தனியாகக் கேட்டிருந்தால் டீச்சரே கண்டுபிடித்திருப்பார். இந்தத் தாமதம் அதைவிடக் குறைச்சல். தன் குரலே தன்னைவிடச் சோம்பலாக வருகிறது என்றுதான் தோன்றும். அதற்காகக் காத்திருந்து காத்திருந்து பாட்டு இழுத்துக்கொண்டு போகும். என் வீட்டுக்காரர் சோதித்துப் பார்த்தார், பொய் இல்லை. கீபோர்டை வைத்துச் சோதித்தார். கீபோர்டின் சத்தம் கம்ப்யூட்டருக்குள் போகாமலே அவர் காதுக்கு வரும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவில்லை.

"டீச்சர், கோளாறு உங்க தொண்டையில இல்ல, எங்க வீட்டுக்காரர் கிட்ட இருக்குது" என்றேன்.

டீச்சர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். உட்காருங்கள், நம்ப வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போய் அரிசி டப்பாவை எடுத்துவந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து புது வெர்ஷன் இருந்த டிஸ்க்கைக் கழற்றினேன். அரிசிக்குள்ளிருந்து முந்தின நாள் பிரதியை எடுத்துத் துடைத்து மாட்டினேன். என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். நான் கேட்பதற்கு முன்பே அவர் ஸ்குரூ டிரைவரை நீட்டியதைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாவம், நல்லது நினைத்துத்தானே செய்தார். டீச்சர் ஒரு ஸ்குரூவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏம்மா இது எங்கே போகும் என்று கேட்டார். அது இல்லாவிட்டாலும் ஓடும் என்றேன்.

பழைய திரை வந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம். டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் வரியை எடுத்தார். உடனே நிறுத்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகம் அப்படியே மாறிப்போயிருந்தது. "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னார். வெளியே ஒரு உப்பு லாரி தாண்டுகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, பாட்டை ஒரே மூச்சில் முதலிலிருந்து கடைசிவரை பாடி முடித்தார். அதைத்தான் வைத்துக்கொண்டோம். இரண்டாவது முறை பாடச் சொல்லவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். குரல்தான் போய்விட்டது. பேச்சு வந்தது, ஆனால் பஞ்சர் ஆன டியூபில் காற்று போகிற மாதிரிப் பாதி காற்றும் பாதி சத்தமுமாக வந்தது. ஸ்கூலில் அவரை வகுப்பிலிருந்து எடுத்து லைப்ரரிக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் கொடி ஏறியபோது ஸ்பீக்கரில் எங்கள் பாட்டு போனது. டீச்சர் குழுவுக்கு முன்னால் தன் இடத்திலேயே நின்றார். கொடி உச்சிக்குப் போனதும் மற்றவர்கள் சேர்ந்துகொள்ளக் கையைத் தூக்கிக் காட்டினார். நான் அன்றைக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் எங்களுக்கும் கொஞ்சம் வசதி வந்து ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அதற்கேற்ற கார்டு, அதற்கேற்ற வெர்ஷன். இந்த முறை என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டுத்தான் போட்டார், முதல் வேலையாக மைக்கில் ஹலோவும் சொன்னார். வேலை நன்றாகவே நடந்தது. எனக்குப் புதுசு ஆகாது என்று நான் எப்போது சொன்னேன்? நடு வேலையில் மாற்றாதே என்றுதான் சொன்னேன். முடித்த பாட்டுகளை எல்லாம் புதியதற்கு மாற்றினோம். அதற்கப்புறம் அவர் நியாயமாகத்தான் கேட்டார். பாட்டெல்லாம் சிடியாக வந்தாயிற்று, இங்கேயும் வந்தாயிற்று, அந்தப் பழைய கம்ப்யூட்டர் டப்பா இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது, அழித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றார். பார்க்கலாம் என்றேன்.

அந்த வாரம் டீச்சர் வந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். அப்புறம் மஸ்கட்டில் இருக்கிற தன் மகனைப் பற்றிச் சொன்னார். வேறு ஒருவர் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டிருக்கிறார். யாருங்க பேசறது என்று அவன் கேட்டிருக்கிறான். இவர் பேசப் பேச, அவனுக்குப் பிடிபடவில்லை, ராங் நம்பர் என்று வைத்துவிட்டான். அப்புறம் அவனே தெரிந்துகொண்டு கூப்பிட்டு அழுதானாம்.

"பாட்டெல்லாம் வீட்ல இருக்குது, கேக்குறேன்" என்றார் டீச்சர். "பாட்டு வேணாம்மா. நான் சும்மா பேசனது ஏதாச்சும் இருக்குதா?"

சிடியில் அது இல்லை. புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதிலும் இல்லை, பாட்டை மட்டும்தானே மாற்றினோம். ஆனால் நான் ரெக்கார்டு பொத்தானை அழுத்திவிட்டால் லேசில் நிறுத்துகிற ஆள் இல்லை, வெட்டியதைத் தூக்கி எறிகிற ஆளும் இல்லை. பாட்டுக்கு முன்னால் பின்னால் பேசிய எல்லாம் பழைய வெர்ஷனில் வெட்டுத் துண்டுகளாகக் கிடந்தன. என் வீட்டுக்காரர் எழுந்துபோய் அந்தப் பழைய டப்பாவின் மேல் கிடந்த துணியை எடுத்தார். பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். திறந்தது, மூடினபோது எப்படி இருந்ததோ அப்படியே.

முதல் துண்டில் டீச்சர் தன் குழுவில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பாடச் சொன்னால் கொட்டாவி விடுகிறாயா என்று முழுக் குரலில், ஸ்கூல் மைதானத்துக்கே கேட்கிற குரலில். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்ததில் மழை வருகிற மாதிரி இருக்கிறது, மாடியில் துணி காயப்போட்டிருக்கிறேன் என்று யாரிடமோ சொல்கிறார். அதற்கு அடுத்ததில் சிரிக்கிறார், எதற்கென்று தெரியவில்லை, நீளமான சிரிப்பு. அதைக் கேட்டு இவரும் சிரித்தார். இந்தச் சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் அடுத்த துண்டை ஓடவிட்டேன். அதில் என் குரல், "டீச்சர், டீ போடட்டுமா?" என்று கேட்டது. நாற்காலியில் இருந்த டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல் முந்திக்கொண்டது. "போடும்மா, சர்க்கர கம்மியா."

அது சொல்லி முடிக்கிற வரைக்கும் டீச்சர் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, இப்போது இருக்கிற அந்தக் காற்றுக் குரலில், "சர்க்கரையே வேணாம்மா. இப்ப சுகரும் வந்துடுச்சி" என்றார்.